சட்டகத்தைத் திருத்துவோர் கவனத்திற்கு

தமிழ்நாட்டில் கேமரா வைத்திருக்கும் எவருக்கும் அந்தப் படம் தெரியும். பாளம் பாளமாக வெடித்த வயல். நடுவே குந்தியிருக்கும் முதியவர். வலது கை நெற்றிக்கு மேலே, பார்வை வானத்தில். அருகில் ஒரு காலி மண்பானை, அல்லது வெடிப்பில் செருகி வைத்த ஒற்றைப் பச்சை நாற்று. தலைப்பு பெரும்பாலும் ஒரே சொல்லாக இருக்கும்: 'ஏக்கம்', 'காத்திருப்பு', 'நாளை?'. இவ்வகைக்குக் கான்செப்ட் போட்டோ என்று பெயர். கண்ணில் பட்டதை எடுப்பது வேறு வகை. இதில் எண்ணம் முதலில் வருகிறது. அதற்கேற்ற மனிதரும் பொருளும் இடமும் பிறகு தேடிப் பிடிக்கப்படுகின்றன.

திருத்துறைப்பூண்டியைச் சுற்றியுள்ள கடைமடை வயல்கள் இந்தப் படத்துக்குப் பின்புலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம் எரிச்சல் அந்தப் படத்தின் மீதன்று. ஓர் ஆர்வலர் தம் முதல் முயற்சியாக அப்படி ஒன்றை எடுப்பது இயல்பு. சக ஆர்வலர்கள் கூடி அமர்ந்து அந்தப் படத்துக்குச் சொல்லும் திருத்தங்கள்தாம் நம்மை இதை எழுத வைக்கின்றன. "பெரியவரை இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்குக் கோட்டுக்குத் தள்ளுங்கள்." "வானம் வெளிறிவிட்டது, மாலை ஐந்து மணிக்குப் போயிருக்க வேண்டும்." "கறுப்பு வெள்ளையாக்கினால் சுருக்கங்கள் எடுப்பாகத் தெரியும்." "வெடிப்புகளின் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுங்கள்." "பானை கவனத்தைச் சிதறடிக்கிறது, க்ராப் செய்யுங்கள்." எடுத்தவர் நன்றியோடு குறித்துக்கொள்கிறார். அடுத்த வாரம் படம் 'மேம்பட்டு' வருகிறது. அனைவரும் கைதட்டுகிறார்கள்.

ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இது எந்த மாதம் எடுத்தது?

திருத்துறைப்பூண்டியில் வயல் வைத்திருக்கும் எவரும் முதலில் கேட்கக்கூடிய கேள்வி அதுதான். அந்தப் பகுதியின் மண் கனத்த களிமண். ஈரம் ஏறினால் உப்பும். ஈரம் இறங்கினால் சுருங்கி வெடிக்கும். தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடையாகும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல்லுக்குப் பாய்ந்த நீரின் மிச்ச ஈரத்திலேயே அவை வளர்ந்து காய்க்கும். அவற்றையும் எடுத்த பிறகு ஆற்றில் தண்ணீர் வரும்வரை பெரும்பாலான நிலம் தரிசாகக் கிடக்கும். சித்திரை, வைகாசியில் அது வெடிக்கும். நல்ல மகசூல் கண்ட ஆண்டிலும் வெடிக்கும். மேட்டூர் அணை நிரம்பி வழிந்த ஆண்டுக்கு அடுத்த கோடையிலும் வெடிக்கும். புதுத் தண்ணீர் வரும்போது அதில் பெரும்பங்கை முதலில் குடிப்பவை அந்த வெடிப்புகள்தாம். ஆக, மே மாதத்தில் எடுத்த வெடித்த வயலின் படம் கோடை வந்திருக்கிறது என்ற செய்தியை மட்டுமே சொல்கிறது. அதற்கு 'வறட்சி' என்று தலைப்பிடுவது, களத்தில் கிடக்கும் வைக்கோலைப் படமெடுத்துப் 'பயிர் கருகியது' என்று எழுதுவதற்குச் சமம்.

வறட்சியே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. 2016இல் காவிரி நீரும் போதாமல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரி 10 அன்று தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. அந்தப் பருவத்தில் கடைமடை வயலின் தோற்றம் வேறு. நேரடி விதைப்பில் தெளித்த நெல் ஒரு மழைக்கு முளைத்து, அடுத்த மழை வராமல் மஞ்சளித்து நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் அது பசும்புல் படர்ந்த வயல்போலவே தெரியும். வேறு சில ஆண்டுகளில் கதிர் வரும். பால் பிடிக்கும் நேரத்தில் நீர் கிடைக்காது. கையில் உருவினால் பதர்தான் மிஞ்சும். கேமராவுக்கோ அது காற்றில் ஆடும் விளைந்த வயல்.

கடைமடையின் அழிவு இப்படிப் பெரும்பாலும் பச்சையாகவோ ஈரமாகவோதான் இருக்கிறது. கார்த்திகையில் வயலில் தேங்கிய நீர் வடியாமல் இளம்பயிர் அழுகும். 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைவிட்டது. நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் குவிந்திருக்கும் நெல், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்பதால் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், தலைமுறைக்கான முதலீடாக வைத்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்துப்போட்டது. இவற்றில் எதற்கும் வெடித்த நிலம் பொருந்தாது. ஆயினும் 'டெல்டா விவசாயியின் துயரம்' என்றவுடன் நம் ஆர்வலர் தேடிப்போவது வெடிப்பைத்தான். முன்பு பாராட்டுப் பெற்ற படங்களில் அவர் கண்டது அது. அதை எப்படி இன்னும் வடிவாக எடுப்பது என்றே நண்பர்களும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

* * *

இங்கே ஒரு மறுப்பு எழும்: "கான்செப்ட் போட்டோ என்பதே புனைவுதானே? செய்திப் படத்துக்குரிய உண்மையை அதனிடம் கேட்பது முறையா?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் கடந்துபோனால் நம் வாதம் நிற்காது.

புகைப்படத்தில் புனைவு குற்றம் என்று நாம் கருதவில்லை. புகைப்படம் பிறந்த சில காலத்திலேயே அதுவும் பிறந்துவிட்டது. 1857இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து, வாழ்வின் இரு பாதைகளைக் காட்டும் ஓர் அறநெறிக் காட்சியை உருவாக்கினார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகடிவ்களைக் கொண்டு, இறந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணையும் சூழ்ந்திருக்கும் குடும்பத்தையும் சித்திரித்தார். அந்தப் பெண் நல்ல உடல்நலத்தோடு இருந்தவர். அதே 1858இல் தஞ்சைக்கு வந்த லின்னேயஸ் ட்ரைப், பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டிச் சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். வெறுமையாக விழுந்த வானத்துக்கு நெகடிவ் மீதே மேகம் தீட்டும் வழக்கம் உடையவர் அவர். ஆக, தஞ்சை மண்ணிலும் திருத்தலுக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. மேகம் தீட்டியதற்காக அவரைக் கூண்டில் ஏற்ற நமக்கு விருப்பமில்லை. மேகம் அங்கே எதையும் வாதிடவில்லை.

சக கலைஞர்களின் தொழில்நுட்பக் கண்டிப்பு எப்போதும் சரியாக இருந்ததும் இல்லை. ஜூலியா மார்கரெட் கேமரூனின் உருவப்படங்கள் கூர்மையற்றவை, கவனக்குறைவானவை என்று 1860களில் லண்டன் புகைப்படச் சங்கத்தார் எள்ளினார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1875இல் இலங்கைக்குக் குடியேறி 1879இல் அங்கேயே மறைந்த அந்த அம்மையாரின் படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கூர்மை குறித்துப் பாடம் எடுத்தவர்களை அத்துறை ஆய்வாளர்களே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'ஃபோகஸ் இல்லை' என்பதை மட்டுமே விமர்சனமாகக் கொண்டவர்களுக்கு வரலாறு தரும் இடம் இது.

அப்படியானால் எங்கே கோடு கிழிப்பது? 1936இல் அமெரிக்காவில் நடந்தது நம் வழக்குக்கு மிக நெருக்கமானது. அரசின் மறுகுடியமர்த்தல் நிர்வாகத்துக்காகப் படமெடுத்த ஆர்தர் ராத்ஸ்டீன், டகோட்டா பகுதியில் வெடித்த நிலத்தில் கிடந்த மாட்டு மண்டையோட்டைச் சில அடிகள் நகர்த்தி, நிழலும் பின்னணியும் மாறும்படி பலமுறை எடுத்தார். தேர்தல் ஆண்டு அது. மண்டையோடு நகர்ந்த சங்கதி வெளிவந்ததும் எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் மோசடி என்று கூவின. அந்தக் கூச்சலுக்கு அரசியல் நோக்கம் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஊர்ப் பக்கத்துப் பத்திரிகை ஒன்று எழுப்பிய ஆட்சேபம் நகர்த்தலைவிட ஆழமானது: இது உவர்நிலம், பனிநீர் வடிந்து காய்ந்தால் எந்த ஆண்டிலும் இப்படித்தான் வெடிக்கும், நன்றாக மழை பெய்த ஆண்டிலும் இதே படத்தை எடுத்திருக்கலாம் என்பது அதன் சாரம். வறட்சி உண்மையாகவே இருந்தது. ஆனால் வறட்சிக்குச் சாட்சியாக நிறுத்தப்பட்ட நிலம் சாட்சி சொல்லத் தகுதியற்றது. விளைவு, உண்மையான வறட்சியையே சந்தேகிக்க எதிரிகளுக்கு வாய்ப்புக் கிடைத்தது.

நம் கோடும் இதுவே. புனையுங்கள்; ஆனால் ஓர் உண்மையான ஊரின் பெயரையும் உண்மையான மக்களின் துயரத்தையும் படத்துக்குப் பொருளாக எடுத்துக்கொண்ட பிறகு, படம் ஒரு வாதமாகிவிடுகிறது. வாதத்துக்கு ஆதாரம் வேண்டும். பொய்ச்சாட்சியால் மெய்யான வழக்கும் தோற்கும். காவிரி வழக்கில் 1991இல் இடைக்கால உத்தரவு வந்தது, 2007இல் இறுதித் தீர்ப்பு வந்தது, 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்குக் கர்நாடகம் தரவேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் ஆதாரம் கேட்கப்பட்ட வழக்கு இது. நிவாரணத்துக்காக வரும் குழுவும் எந்த வயல், எந்தப் பருவம், எத்தனை சதவீதச் சேதம் என்றுதான் கேட்கிறது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து மாதமே சொல்லத் தெரியாத படங்கள் உலகெங்கும் போவதை அழகியல் சுதந்திரம் என்று நம்மால் ஏற்க இயலவில்லை.

* * *

இனி, படத்தில் இருக்கும் மனிதரைப் பற்றி.

தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876–78இல், சென்னை மாகாணத்தில் பட்டினியால் எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக நிறுத்தி, அமர்த்திப் படமெடுத்தார் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. குடும்பப் படம் எடுப்பதுபோன்ற ஒழுங்கோடு அமைந்த குழுக்கள் அவை. பஞ்சத்தின் ஆவணமாக அவற்றுக்கு மதிப்பு உண்டு என்பது உண்மை. அந்த மனிதர்களில் ஒருவருக்கும் அங்கே பெயர் இல்லை என்பதும் உண்மை. அதே ஹூப்பர் 1886இல் மண்டலேயில் சுட்டுக்கொல்லப்படவிருந்த கைதிகளைப் படமெடுக்க முனைந்து விசாரணைக்கு உள்ளானார். இந்த வரலாறு நம் ஊர் ஆர்வலரின் பையில் இல்லை. லென்ஸ் விலைப்பட்டியல் இருக்கிறது.

நூற்றாண்டு தாண்டியும் பாடம் ஏறவில்லை. உத்தரப் பிரதேச, மத்தியப் பிரதேசக் கிராமங்களில் ஏழை மக்களின் முன் ஒரு மேசையைப் போட்டு, அதில் போலி உணவை அடுக்கி, கண்களை மூடிக்கொண்டு விருப்பமான உணவைக் கனவு காணச் சொல்லிப் படமெடுத்தார் இத்தாலியப் புகைப்படக்காரர் அலெஸ்ஸியோ மாமோ. 2018 ஜூலையில் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அவை வந்தபோது கடும் கண்டனம் எழுந்தது. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தப் படங்களில் ஒளி சரியாக இருந்தது, அமைப்பு சரியாக இருந்தது, வண்ணம் சரியாக இருந்தது. நம் வார இறுதிக் கூட்டத்துக்கு அவை வந்திருந்தால் மேசையின் விளிம்பு சற்றே சாய்ந்திருக்கிறது என்பதற்கு மேல் என்ன திருத்தம் சொல்லியிருப்போம்? பசித்தவர் முன் போலிச் சோறு வைக்கலாமா என்று எவரேனும் கேட்டிருப்பார்களா? கேட்டிருப்பார்கள் என்று நம்ப ஆசைதான். இதுவரை காதில் விழுந்த கருத்துரைகள் அந்த நம்பிக்கையைத் தரவில்லை.

திருத்துறைப்பூண்டிப் படத்துக்குத் திரும்புவோம். அந்த முதியவரை 'விவசாயி' என்கிறோம். அவர் விவசாயியா? பெரும்பாலும் அவர் கூலிக்கு வேலை செய்பவர். பெருவாரியான வேளைகளில் தலித். அவர் குந்தியிருக்கும் வயல் வேறொருவருடையது. கீழத்தஞ்சை என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் நிலத்துக்கும் உழைப்புக்குமான உறவு எளிய கதை அன்று. பண்ணையாட்களைப் பாதுகாக்க 1952இல் தனிச்சட்டம் தேவைப்பட்டது. கூலி உயர்வுக்கான போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு, நிலமற்ற ஒருவரை நிலத்துக்கு உடையவர்போல உட்காரவைத்து, அவர் பெயரால் நிலவுடைமையாளரின் கவலையைச் சித்திரிப்பது சாதாரணப் பிழை அன்று. கூலியாளின் வறட்சி வேறு வகை. வயல் காய்ந்தால் உடையவருக்குக் காப்பீடும் நிவாரணமும் சிறிதளவேனும் வரக்கூடும். நடவும் களையெடுப்பும் அறுப்பும் இல்லாமல் போன கூலியாளுக்கு வருவது வேலை தேடிய பேருந்துப் பயணம்தான். அதைப் படமாக்க வேண்டுமென்றால் வயலை விட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போகவேண்டும்.

நடவுப் பெண்களின் கதை இதைவிட மோசம். சேற்றில் வரிசையாகக் குனிந்து நிற்கும் அவர்கள் நம் ஆர்வலர்களுக்கு ஒரு வண்ணக்கோடு. "வரிசையின் நடுவில் ஒரு சிவப்புச் சேலை இருந்திருந்தால் படம் எங்கோ போயிருக்கும்" என்பது நாம் காதால் கேட்ட திருத்தம். முகமே தெரியாத முதுகுகளுக்கு நிறம் பரிந்துரைக்கும் அந்த நொடியில், நடவுக்கு என்ன கூலி, எத்தனை மணிக்கு இறங்கினார்கள், அறுவடை இயந்திரம் வந்த பிறகு அவர்களுக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை மிஞ்சுகிறது என்பவையெல்லாம் சட்டகத்துக்கு வெளியே க்ராப் செய்யப்பட்டுவிடுகின்றன.

1936இல் டோரதியா லாங்கே எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படம் உலகப் புகழ்பெற்றது. சட்டகத்தின் ஓரத்தில் தெரிந்த ஒரு கட்டைவிரல் இடைஞ்சலாக இருந்ததென்று பிற்பாடு நெகடிவிலேயே மறைக்கப்பட்டது. அந்தத் தாயின் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்பதும் அவர் செரோக்கி பழங்குடி வழியினர் என்பதும் உலகுக்குத் தெரிய 1978 வரை ஆனது. அந்தப் படத்தால் தமக்கு எந்த ஆதாயமும் வரவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். கட்டைவிரலைக் கண்டுபிடித்த கண்களுக்கு அதன் உடைமையாளரின் பெயரைக் கேட்கத் தோன்ற நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நம் கூட்டங்களில் நடப்பது இதன் சிறு பதிப்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2017 மார்ச், ஏப்ரல் மாதங்களில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளோடு அமர்ந்தார்கள். எலியை வாயில் கவ்விக் காட்டினார்கள். நாகரிகமற்ற நாடகம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நாம் அதை வேறு விதமாகப் பார்க்கிறோம். கேமராவுக்கு என்ன வேண்டும் என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள். சாதாரண மனுவைக் கையில் ஏந்தி நின்றால் எந்த லென்ஸும் திரும்பாது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? காலமெல்லாம் வெடிப்பையும் மண்பானையையும் கேட்டுக்கொண்டே இருந்த நாம்தான். அந்தப் பசிக்குத் தீனி தேடி விவசாயி தன் வாயில் எலியைக் கவ்வ வேண்டியிருந்தது.

* * *

இலக்கியம் படிப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதன்று. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது, படைப்பைப் பற்றிப் பேசுவது என்றால் பாராட்டுரை என்றிருந்த நிலையை உடைப்பது அவரது நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. வலங்கைமானில் பிறந்த க.நா.சு. அதற்கு முன்னும் பின்னும் அதே வேலையைச் செய்து ஊரெல்லாம் பகை தேடிக்கொண்டார். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதன் மீது எழுந்த முக்கியமான விமர்சனம் நடையைப் பற்றியதன்று. கீழவெண்மணியைக் களமாகக் கொண்ட நாவல், கூலிக்கான போராட்டத்தின் மூலகாரணத்தை நிலவுடைமையாளரின் பாலியல் குறைபாட்டில் கொண்டுபோய் வைக்கலாமா என்பதே கேள்வி. அதாவது விமர்சகர்கள் கருத்தை விமர்சித்தார்கள். அக்கேள்வியை ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் வேறு. கேட்கப்பட்டது என்பதால்தான் அந்த நாவலைப் பற்றிய பேச்சு இன்றுவரை உயிரோடு இருக்கிறது. இதே வாசகர்களில் சிலர் கேமராவை எடுத்தவுடன் காற்புள்ளி திருத்துபவர்களாக மாறிவிடுவது ஏன் என்றுதான் புரியவில்லை.

நமக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. நம் ஆர்வலர் கூட்டங்களில் கருத்துரை என்பது மொய். இன்று நான் உன் படத்துக்கு எழுதினால் நாளை நீ என் படத்துக்கு எழுதவேண்டும். மொய்நோட்டில் எவரும் சண்டை போடுவதில்லை. 'மூன்றில் ஒரு பங்கு விதி' மொய்யாக எழுத மிக வசதியான தொகை: யாரையும் புண்படுத்தாது, எழுதியவருக்கு அறிவாளித் தோற்றமும் தரும். 'உங்கள் கருத்தே தவறு' என்பது அப்படியன்று. அதைச் சொல்ல ஊரையும் மண்ணையும் தெரிந்திருக்க வேண்டும். சொன்ன பிறகு நட்பும் நிற்கவேண்டும்.

மொய்க்கு மாற்றாக அதே திருத்துறைப்பூண்டிக்கு அருகிலேயே ஒரு கொடுக்கல் வாங்கல் முறை இருக்கிறது. ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிகளுக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுக்கப்படும். பெற்றவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் கருப்புக்கவுனியும் உட்பட 170க்கும் மேற்பட்ட ரகங்கள் இப்படித்தான் மீண்டு பரவின. அவர் 2018 டிசம்பர் 6 அன்று மறைந்தார், விதைகள் இருக்கின்றன. திருப்பித் தர வேண்டுமென்றால் விதைத்துப் பார்த்தாக வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நுட்பம். வாங்கியதை அப்படியே கொடுப்பது மொய். தன் வயலில் இட்டுப் பெருக்கிக் கொடுப்பது விதை. கருத்துரை சொல்பவர் தன் அறிவை, தன் ஊரை, தன் உழைப்பை அதில் இட்டிருக்க வேண்டும் என்கிறோம்.

* * *

"குறை சொல்வது எளிது, எப்படித் திருத்துவது என்று சொல்லுங்கள்" என்பார்கள். சொல்கிறோம். 'கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை' என்பது ஒருவரின் கருத்து என்று வைத்துக்கொள்வோம். வெடித்த நிலத்தில் முதியவர் குந்தியிருக்கும் முதல் படம் மேசைக்கு வருகிறது. இப்போது கேட்கவேண்டியவை இவை.

முதலாவது, எந்த மாதம்? மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படுவது மரபு. ஆகவே மே மாத வெடிப்பு எதையும் நிறுவாது. செப்டம்பரிலும் வாய்க்கால் வறண்டிருந்தால் அது செய்தி. எனவே வயலை விட்டு மதகுக்குப் போங்கள். தண்ணீர் பார்த்திராத மதகுப் பலகையும், அதன் கீழே வாய்க்காலின் தரையில் முளைத்துப் பூத்துவிட்ட செடிகளும் எந்த வெடிப்பைவிடவும் உறுதியான சாட்சிகள்.

இரண்டாவது, யாருடைய கவலை? உடையவரா, குத்தகைக்காரரா, கூலியாளா? மூவருக்கும் மூன்று படங்கள். ஒன்றை மற்றொன்றின் முகத்தால் நடிக்கவைக்காதீர்கள்.

மூன்றாவது, கையில் இருக்கும் பொருள் உண்மையா? நேரடி விதைப்பு நடக்கும் வயலில் நாற்று முடியை ஏந்தி நிற்கச் சொன்னால் பக்கத்து வயல்காரர் சிரிப்பார். அந்தச் சிரிப்பே முதல் தரமான விமர்சனம்.

நான்காவது, படத்தில் இருப்பவருக்குப் படத்தைக் காட்டினீர்களா? தலைப்பைச் சொன்னீர்களா? அரைநாள் உட்காரவைத்தால் அரைநாள் கூலி கொடுத்தீர்களா? 'ஏக்கம்' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, 'வெயிலு கண்ணுல அடிச்சுது தம்பி, அதான் கைய வச்சேன்' என்று அவர் சொன்னால் அந்தத் தலைப்பு அங்கேயே செத்துவிட்டது.

ஐந்தாவதாக வரட்டும் மூன்றில் ஒரு பங்கு விதியும் மாலை ஒளியும் கான்ட்ராஸ்ட்டும். அவற்றை நாம் வெறுக்கவில்லை. நல்ல கருத்தை மங்கலாக எடுப்பதிலும் பெருமை இல்லை. மதகையும் முளைத்த செடியையும் ஒரே சட்டகத்தில் தெளிவாகக் கொண்டுவர எந்தக் கோணம், எந்த ஒளி என்று பேசும்போதுதான் தொழில்நுட்ப அறிவுக்கு வேலையே வருகிறது. உப்பு எவ்வளவு என்பது சமைத்த பிறகு கேட்கவேண்டிய கேள்வி. அரிசி யாருடையது என்பது அடுப்பு மூட்டுமுன் கேட்கவேண்டியது.

இவ்வளவு வம்பு எதற்கு, பொழுதுபோக்குக்காகப் படமெடுப்பவர்களை ஏன் வதைக்கிறீர்கள் என்ற குரலும் வரும். பொழுதுபோக்கு என்ற சொல்லின் பின்னால் இனி ஒளிய இயலாது. 2023 ஏப்ரலில் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியர், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படத்துக்குச் சோனி உலகப் புகைப்பட விருது கிடைத்தபோது, அது புகைப்படம் அன்று என்று அறிவித்து மறுத்தார். வெடித்த நிலம், சுருக்கம் விழுந்த முதியவர், மாலை ஒளி, ஒற்றை நாற்று என்று தட்டச்சு செய்தால் இன்று இயந்திரம் சில நொடிகளில் தந்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் பிசகாமல் தருகிறது. நாம் ஆண்டுக்கணக்கில் எடுத்துக் குவித்தவற்றிலிருந்துதான் அது கற்றது. சட்டகத்தை மட்டுமே திருத்தும் நண்பர்கள் குழு இனி அந்த இயந்திரத்தோடு போட்டி போட்டுத் தோற்கும் குழு.

அதற்குத் தெரியாதவை இன்னும் இருக்கின்றன. புரட்டாசியில் கடைமடை மதகின் கீழ் எந்தச் செடி பூத்திருக்கும் என்பது அதற்குத் தெரியாது. பச்சை வயலில் கதிரை உருவிப் பதரைக் காட்டும் கை யாருடையது என்பதும், அந்தக் கைக்கு அன்று கூலி கிடைத்ததா என்பதும் தெரியாது. அடுத்த முறை நண்பரின் படம் உங்கள் முன் வரும்போது, அளவுகோலை எடுக்குமுன் மாதத்தைக் கேளுங்கள். அவருக்குக் கோபம் வரும். வரட்டும். கோபம் தணிந்தபின் அவர் மறுபடியும் அந்த ஊருக்குப் பேருந்து ஏறினால், நீங்கள் சொன்னது விமர்சனம்.